‘ஹஸ்பண்ட் கூட இருந்தா 21 வயசு ஆகலைனாலும் குடிக்கலாமா?’ - சட்டம் சொல்றது இதுதான்!

“அக்கா, சனிக்கிழமை இவரோட ஆபீஸ் பார்ட்டி. ஓ.எம்.ஆர்-ல ஒரு ஸ்டார் ஹோட்டல். நான் ஒரு கிளாஸ் ஒயின் குடிச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன். இவர் கூடத்தானே இருப்பார், பிரச்னை வராதுல்ல?”

சேலையூர்ல இருக்கிற என் சித்தி பொண்ணு போன்ல கேட்ட கேள்வி இது. அவளுக்கு வயசு 20. மாப்பிள்ளைக்கு 27. கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகுது. “21 ஆகலையேடி?” என்றேன். “அப்பா, அம்மா, இல்லைன்னா புருஷன் பக்கத்துல இருந்தா 21 ஆகலைனாலும் குடிக்கலாமாம். ஒரு ரீல்ஸ்ல பார்த்தேன்” என்றாள்.

அவள் மட்டுமல்ல, தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் காலேஜ் படிக்கிற பலபேர் இப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்காங்க. ஒரே வரியில் பதில் சொல்லணும்னா, தமிழ்நாட்டில் அப்படி எந்தச் சலுகையும் இல்லை. ஆனா, ஏன் இல்லைங்கிறதுலதான் நாம தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் நிறைய இருக்கு.

அப்போ ரீல்ஸ் சொன்னது பொய்யா?

பொய் இல்லை. ஆனா, அது நம்ம ஊர்க் கதை இல்லை. அமெரிக்காவில் 1984-ல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, எல்லா மாநிலங்களும் மது வாங்கும் வயதை 21 ஆக்கின. ஆனா, சில மாநிலங்கள் மட்டும் குடும்பத்துக்குனு ஒரு கதவைத் திறந்து வெச்சிருக்கு. டெக்சாஸில் 21 வயது ஆகாதவர், பெற்றோரோ, கார்டியனோ, வயது வந்த கணவன் அல்லது மனைவியோ கண்ணெதிரே இருந்தால் குடிக்கலாம். விஸ்கான்சினிலும் இதே மாதிரி விதி உண்டு. இங்கிலாந்தில் 16, 17 வயதுப் பிள்ளைகள், பெரியவர் ஒருவரோடு ஹோட்டலில் சாப்பிடும்போது பீரோ ஒயினோ குடிக்கலாம். ஆனா, பெரியவர்தான் அதை வாங்கித் தரணும்.

இந்த மாதிரி வீடியோக்கள் சப்டைட்டிலோட நம்ம போனுக்கு வந்துடுது. எந்த ஊர்ச் சட்டம்ங்கிற விவரம் மட்டும் வர்றதில்லை.

தமிழ்நாட்டில் என்ன ரூல்?

நம்ம அரசியலமைப்புச் சட்டப்படி, மது மாநிலப் பட்டியலில் இருக்கு. அதனாலதான் ஊருக்கு ஊர் வயது மாறுது. கோவாவில் 18, கேரளாவில் 23, டெல்லியில் 25. பீகாரிலும் குஜராத்திலும் மதுவிலக்கே அமலில் இருக்கு.

தமிழ்நாட்டில் அடிப்படைச் சட்டம், 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். அதன் கீழ்தான் 1981-ம் ஆண்டின் உரிமம் மற்றும் அனுமதி விதிகளும், 2003-ல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போனபோது வந்த விதிகளும் இருக்கு. இங்கே வயது வரம்பு 21. டாஸ்மாக் கடை, அதை ஒட்டிய பார், கிளப், ஸ்டார் ஹோட்டல் பார் என எங்கே போனாலும் இதே 21-தான். ‘கூட யார் வந்திருக்காங்க?’ன்னு சட்டம் கேட்கிறதே இல்லை. குடிக்கிறவருக்கு வயசு எத்தனைங்கிறது மட்டும்தான் அதன் கேள்வி.

“எந்தக் கடைல வயசு கேட்கிறாங்க?”ன்னு நீங்க சிரிக்கலாம். நியாயம்தான். ஆனா, கவுன்ட்டர்ல கேட்கலைங்கிறதால விதி இல்லைன்னு ஆகிடாது. ஸ்டார் ஹோட்டல்ல ஆதாரோ லைசென்ஸோ கேட்டு, 21 ஆகலைன்னு தெரிஞ்சா தர மறுக்க அவங்களுக்கு முழு உரிமை இருக்கு. ‘புருஷன் நான் பக்கத்துல இருக்கேன்ல’ன்னு அங்கே சண்டை போட்டா, அசிங்கப்படப் போறது நாமதான்.

கல்யாணமே ஆயிடுச்சு, ஒரு கிளாஸ் குடிக்கக் கூடாதா?

என் தங்கச்சி கோபமா கேட்ட அடுத்த கேள்வி இது. “18-ல ஓட்டு போடலாம். கார் ஓட்டலாம். கல்யாணம் பண்ணிக்கலாம். இதுக்கு மட்டும் 21-ஆ?”

ஆமா. 18 வயசானா நீங்க சட்டப்படி மேஜர். அதே காரணத்தால, 18 முடிஞ்ச ஒருத்தருக்கு பொதுவா சட்டத்துல ‘கார்டியன்’னே யாரும் கிடையாது. அப்பா அப்பாதான், புருஷன் புருஷன்தான். ஆனா, உங்களுக்காக அனுமதி கொடுக்கிற அதிகாரம் அவங்க கையில இல்லை. 18-லிருந்து 21 வரைக்கும் நீங்க மேஜர், ஆனா மது வாங்கும் வயசு வரலை. தாலி அந்த மூணு வருஷத்தைக் குறைக்காது.

மூளையின் வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதி வரை தொடர்றதாகவும், அந்த வயசுல பழகுற குடி அடிமைத்தனமா மாறும் ஆபத்து அதிகம்னும் மருத்துவர்கள் சொல்றாங்க. வரம்பை 18-க்கு மேலே வைக்கணும்னு சொல்றவங்க முன்வைக்கிற முக்கியமான காரணம் அதுதான்.

18-க்குக் கீழேன்னா கதையே வேற!

இதுவரைக்கும் பார்த்தது ‘கொடுக்க மாட்டாங்க’ங்கிற அளவுல. 18 வயதுக்குக் கீழே போனா, விஷயம் ஜெயில் வரைக்கும் போகும்.

சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77: ஒரு குழந்தைக்கு, அதாவது 18 வயது நிரம்பாத யாருக்கும், மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால், ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இதில் ஒரே ஒரு விலக்குதான் உண்டு. தகுதி பெற்ற மருத்துவர் சொல்லிக் கொடுத்தால் குற்றமில்லை. அப்பா கொடுத்தாலும், தாய்மாமன் கொடுத்தாலும், அக்கா புருஷன் கொடுத்தாலும் குற்றம்தான். டெக்சாஸில் பக்கத்துல உட்கார்ந்தா சலுகை கொடுக்கிற அதே பெரியவர், இங்கே குற்றவாளி ஆகிடுறார்.

அடுத்தது பிரிவு 78. மதுவை விற்கவோ, எடுத்துட்டு வரவோ ஒரு குழந்தையைப் பயன்படுத்தினாலும் இதே தண்டனை. ‘தம்பி, கடைக்குப் போய் ஒரு குவார்ட்டர் வாங்கிட்டு வா’ன்னு பத்தாவது படிக்கிற பையனை அனுப்புற பெரியவங்க இதைக் கொஞ்சம் படிங்க.

நம்ம வீடுகள்ல சகஜமா நடக்கிற இன்னொன்னு, சளி பிடிச்ச குழந்தைக்கு ‘ரெண்டு சொட்டு பிராந்தி’. டாக்டர் சொல்லாம கொடுத்தா அதுவும் இந்தப் பிரிவுக்குள்ளதான் வரும். குழந்தையின் சின்ன உடம்புக்கு அது மருந்தும் இல்லை. நிஜமாவே ஆபத்து.

இதைச் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே போன்ல அந்தப் பக்கம் சத்தம் நின்னுபோச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, “அக்கா... எங்க ரிசப்ஷன் அன்னிக்கு நைட்டு, மாடியில இவரும் ஃப்ரெண்ட்ஸும் இருந்தாங்கல்ல. தம்பியையும் கூப்பிட்டு, ‘மாமா நான் கூட இருக்கேன், குடிடா’ன்னு பீர் கொடுத்தாராம். நாங்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்” என்றாள்.

தம்பி ப்ளஸ் டூ படிக்கிறான். வயசு 17.

பாண்டிச்சேரிக்குப் போயிட்டா?

புதுச்சேரியில் வயது வரம்பு 18. அதனாலதான் ஈ.சி.ஆர்-ல வீக் எண்ட் ஆனா அவ்வளவு பைக். 18 முடிஞ்ச ஒருத்தர் அங்கே குடிச்சா, அந்த ஊர் விதிதான் பொருந்தும். அங்கேயும் கணக்கு வயசுதான், துணைக்கு வந்தவர் இல்லை. பாட்டிலை பேக்ல வெச்சு தமிழ்நாட்டுக்குள்ள கொண்டுவந்தா, செக்போஸ்ட்ல மதுவிலக்கு வழக்கு ஆகும்.

குடிச்சுட்டு வண்டி ஓட்டினா, எந்த ஊரா இருந்தாலும் ஒரே சட்டம்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டினது 18 வயது ஆகாத பையன்னா, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. ஃபங்ஷன்ல பையனுக்கு ஒரு கிளாஸ் ஊத்திக் கொடுத்துட்டு, ‘ஜி.எஸ்.டி ரோடு வரைக்கும் போய் ஐஸ் வாங்கிட்டு வா’ன்னு வண்டிச் சாவியையும் கொடுத்தா, அந்த ஒரு நைட்டுல எத்தனை வழக்குன்னு நீங்களே எண்ணிக்கோங்க.

இதை மட்டும் மறக்காதீங்க

* ஃப்ரெண்ட் குடிச்சுட்டு மயங்கிட்டா, வீட்டுக்குத் தெரிஞ்சுடும்னு பயந்து தூங்க வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்க.
* சின்னப் பிள்ளைகளைக் குடிக்கச் சொல்லியோ, வாங்கிட்டு வரச் சொல்லியோ யாராவது கட்டாயப்படுத்தினால் 1098.
* குடியிலிருந்து வெளியே வர உதவி வேணும்னா 14446.

சனிக்கிழமை பார்ட்டிக்கு ரெண்டு பேரும் போயிட்டு வந்தாங்க. இவள் லைம் சோடாவோட நிறுத்திக்கிட்டாளாம். “ஒயினை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்க்கா” என்றாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையே எனக்கு போன் பண்ணினார். “நான் பக்கத்துல இருந்தா அவனுக்கு சேஃப்னு நெனச்சுத்தான் கொடுத்தேன், அண்ணி. இந்தச் சட்டம்லாம் எனக்குத் தெரியாது” என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, “அவன்கிட்ட இதை எப்படிச் சொல்றது?” என்று கேட்டார்.

கொடுத்தது தப்புன்னு நேரா சொல்லிடுங்க என்றேன். 17 வயசுப் பையனுக்கு அது புரியும்.