ஹெரால்டு வண்டியின் குலமுறை

அரியாங்குப்பத்தில் கடலூர்ச் சாலையினின்று பிரியும் சந்தொன்றில், எம் பாட்டனார் இல்லத்தின் பின்புறத்தே தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்று உளது. அதனுள் பதினோராண்டுகளாக ஓட்டமின்றி நிற்கும் சிறிய மோட்டார் வண்டியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மூன்றாம் மாதிரி, நான்கு கதவுகளுடையது. சென்ற கோடை விடுமுறையில் பழைய இரும்பு வாங்குவார் ஒருவர் வந்து விலை கூறிச் சென்றார். துருவேறிக் கிடப்பதினும் எடைக்குப் போடுவதே மேல் என்பது எம் சிறிய தந்தையார் கொள்கை. பாட்டனார் மறுமொழி ஒன்றும் கூறாது, கொட்டகைப் படலைச் சாத்திவிட்டு வந்து அமர்ந்தார். இருவரும் எம் முகத்தையே நோக்கியமையின், தீர்ப்புரைக்குமுன் வண்டியின் குலமுறையை அறிதல் நன்றெனத் துணிந்தோம்.

ஹெரால்டு என்னும் ஆங்கிலச் சொல் கட்டியங்காரனைக் குறிப்பது. இப்பெயர் பூண்ட வண்டியை இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனியார் 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளியிட்டனர். அதற்கு வடிவு வகுத்தவர் இத்தாலிய நாட்டவராகிய ஜியோவன்னி மிக்கெலோட்டி. அக்காலத்தே ஏனைய கம்பெனியார் வண்டியின் உடலையும் அடிச்சட்டத்தையும் ஒரே பொருளாக அமைக்கத் தலைப்பட்டிருக்க, இவர்கள் மட்டும் தனி அடிச்சட்டம் செய்து அதன்மேல் உடலைத் துண்டு துண்டாக மரையாணிகளால் பிணைத்தனர். இதற்குக் காரணம் பழமைப் பற்றன்று. இவர்களுக்கு உடல் தகடுகளை அடித்துத் தந்த பிஷர் அண்டு லட்லோ என்னும் நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியார் விலைக்கு வாங்கிக்கொண்டனர். பெருந்தகடு அடித்துத் தருவார் இல்லாது போகவே, சிறு தகடுகளைப் பலவிடங்களிற் செய்வித்துப் பூட்டுவது ஒன்றே வழியாயிற்று.

நெருக்கடியாற் பிறந்த இவ்வமைப்பே பிற்றை நாளில் வண்டிக்குச் செல்வமாயிற்று. ஒரே அடிச்சட்டத்தின்மேற் பல்வேறு உடல்களை ஏற்ற முடிந்தது. இரண்டு கதவு வண்டி, ஓட்டப் பிரியர்க்கான கூப்பே, கூரை திறக்கும் வண்டி எனப் பல தோன்றின. 1962-இல் ஆறு சிலிண்டர் எந்திரம் பூட்டிய வைட்டெஸ் வந்தது. அவ்வாண்டிலேயே அடிச்சட்டத்தைக் குறுக்கி ஸ்பிட்பயர் என்னும் இருவர் ஏறும் பந்தய வண்டியையும் செய்தனர். 1965-இல் பிரான்சு நாட்டு லெ மான் நகரத்து 24 மணி நேரப் பந்தயத்தில் ஸ்பிட்பயர் தன் வகுப்பில் முதலாய் வந்தது. எம் கொட்டகையிற் கோழிகள் துயிலும் வண்டி அதற்கு உடன்பிறப்பென்றால் நம்புவார் யார்? ஆயினும் உறவு மெய்யே. முன்சக்கரங்கள் மிக மடங்குதலின், ஏறத்தாழ 25 அடி வட்டத்துள் இவ்வண்டி திரும்பிவிடும். முகப்பு மூடியோ இருபுறச் சக்கர மூடிகளோடும் ஒருசேர முன்னோக்கிச் சாயும். பழுது பார்ப்பவர் டயரின்மேல் அமர்ந்தே வேலை செய்யலாம்.

குறை ஒன்றும் உடன்பிறந்தது. பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சிற் கோவாது, ஒவ்வொன்றும் தனித்தனியே மேலுங்கீழும் ஆடுமாறு அமைத்து, குறுக்கே ஒரு பட்டை வில்லை வைத்தனர். குண்டுங்குழியில் ஏறும்போது இது மெத்தென்றிருக்கும். ஆனால், விரைந்து வளைவில் திரும்புங்கால் திடீரென வேகத்தைத் தணித்தால், வெளிப்புறச் சக்கரம் உள்ளே மடங்கி வண்டியின் பின்புறம் வழுக்கும். பாரம் மிகுந்தாலோ வில் தாழ்ந்து, சக்கரங்களின் மேல்விளிம்பு உட்சாய்ந்து, அடிப்புறம் அகன்று, டயரின் உட்பக்கம் மட்டும் தேயும்.

இனி, இவ்வண்டி நம் நாடு புகுந்த வரலாறு. 1948-இல் சென்னை யூனியன் கம்பெனியாரும் கவன்ட்ரியாரும் கூடி நிறுவிய ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆப் இந்தியா, வண்டலூரை அடுத்துத் தொழிற்சாலை நடத்திற்று. முதற்கண் வந்தது வான்கார்டு. நம் புலவர்கள் தூசிப்படை என்பது இதனையே. 1961-இல் ஹெரால்டு வந்தது. துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலேற்றி, வந்தவிடத்துப் பூட்டுதற்கு இதனினும் ஏற்ற வண்டி அரிது.

சென்னையில் அது அடைந்த மாறுதல்களை நோக்குங்கால், தமிழ் வகுப்பினராகிய எமக்குப் புணர்ச்சி விகாரம் மூன்றும் நினைவிற்கு வருகின்றன. தோன்றல், கதவுகளில் நிகழ்ந்தது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இறுதிவரை இரண்டே கதவுகள். நான்கு கதவு ஹெரால்டு சென்னையில் மட்டும் பிறந்தது. முன்னிருக்கையை மடக்கி, கூன் விழுந்த பாட்டியாரைப் பின்னே ஏற்றுதல் எவ்வளவு துன்பமென்பதை நம் குடும்பத்தார் அறிவர். கெடுதல், ஓட்டத்தில். தாய்நாட்டில் எந்திரம் 1961-இல் 1147 கன சென்டிமீட்டராகவும், 1967-இல் 1296 ஆகவும் பெருக, இங்கே 948 ஆகவே நின்றது. திரிதல், அச்சில். 1972-இல் ஹெரால்டின் வழித்தோன்றலாக கெசல் வந்தது. மான் வகையொன்றன் பெயர். எந்திரம் பழையதே, ஆட்டச் சக்கர முறையை மட்டும் நீக்கி, பின்சக்கரங்களை ஒரே அச்சிற் கோத்துவிட்டனர். அதே குறைக்கு ஆங்கிலேயர் கண்ட மருந்து வேறு. 1970-இல் வந்த ஸ்பிட்பயரில் பட்டை வில்லின் பெரும்பகுதியைச் சுழலவிட்டு, சக்கரம் மடங்குவதைத் தடுத்தனர். அவர் நோக்கியது வளைவையும் வேகத்தையும். நம்மவர் நோக்கியது பாரத்தையும் ஊர்ப் பட்டறையையும். நாம் நம்மவர் பக்கமே நிற்போம், மான் சற்றுக் குதித்தே ஓடியிருப்பினும்.

கெசல் 1977-இல் நின்றது. 1985-இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000, ரோவர் வண்டியின் அழகிய உடலுக்குள் பழைய வான்கார்டு வழிவந்த எந்திரத்தை வைத்து வந்தமையின், விலைக்கேற்ற பயனின்றி 1988-இல் மறைந்தது. கம்பெனியின் கதையும் அத்துடன் முடிந்தது.

இவ்வளவும் அறிந்தபின், பட்டறைக்காரர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கோழிகளை விரட்டிவிட்டு வண்டியின் கீழே படுத்து, சுத்தியலால் அடிச்சட்டம் நெடுகத் தட்டிப் பார்த்தார். சட்டம் உறுதி, தரைத் தகட்டிலும் இடப்புறச் சக்கர மூடியிலும் மட்டுமே துரு, வில் தாழ்ந்துவிட்டது. ஒரே உடலாய்ச் செய்த வண்டியாயின் இரும்புக் கடைக்கே அனுப்பச் சொல்லியிருப்பேன் என்றார். இதுவோ மரையாணிகளைக் கழற்றினால் கெட்ட துண்டு தனியே வந்துவிடும். 1953-இல் தகடு கிடையாது போனமை அரியாங்குப்பத்தில் ஒரு வண்டியின் உயிரைக் காக்குமென்று கவன்ட்ரியார் கருதியிருக்கமாட்டார்.

எம் தீர்ப்பைச் சிறிய தந்தையார் ஒரு நிபந்தனையோடு ஏற்றார். முதலில் வில்லை மட்டும் செப்பனிடுவது. தைப்பொங்கலுக்குள் வண்டி தன் காலில் நேரே நின்றால் மற்றவற்றிற்குப் பணம் தருவார். இதை எழுதுங்கால் வில் கொல்லருலையில் மறுவளைவு பெறுகின்றது. வண்டி செங்கல் அடுக்கின்மேல் நிற்கின்றது. நாள்தோறும் மாலையில் பாட்டனார் கொட்டகைக்குட் சென்று, சுக்கானை ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் திருப்பிவிட்டு வருகின்றார்.