உலகின் பெரிய டைனோசர் நம்ம அரியலூர்ல இருந்ததா? அப்போ எலும்பெல்லாம் எங்கே?

சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கிற ஏர்பஸ் ஏ320 விமானம் பார்த்திருப்பீங்க. பயணிகள், லக்கேஜ், எரிபொருள் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு கிளம்பும்போது அதன் அதிகபட்ச எடை சுமார் 78 டன். அதைவிட எடை அதிகமான ஒரு விலங்கு, சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன்னாடி அரியலூர் பக்கம் நடந்து திரிஞ்சிருக்கலாம்னு சொன்னா நம்புவீங்களா?

அதோட பேர் 'புருஹத்காயோசாரஸ்'. சம்ஸ்கிருதத்தில் 'பிருஹத்' என்றால் பெரிய, 'காயம்' என்றால் உடல். அரியலூர் மாவட்டம் கல்லமேடு கிராமத்துக்குப் பக்கத்தில் இதன் எலும்புகள் கிடைச்சது. அன்றைக்கு அந்தப் பகுதி திருச்சி மாவட்டத்தில் இருந்தது. யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-களின் இறுதியில் இதுக்குப் பேர் வெச்சாங்க. கீழ்க்கால் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். நம்ம வீட்டு வாசக்கதவு உயரம்!

முதலில் இதை மாமிசம் தின்னும் டைனோசர்னு நினைச்சாங்க. பிறகுதான் நீளக் கழுத்துள்ள, இலைதழை தின்னும் வகைனு தெரிஞ்சது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, இதன் எடை 110 டன்னைத் தாண்டியிருக்கலாம்னு கணக்குப் போட்டது. அதாவது, 20 யானைகளுக்கும் மேல. அந்தக் கணக்கு சரின்னா, தரையில் நடந்த விலங்குகளிலேயே இதுதான் பெரிசா இருக்கலாம்.

அந்த எலும்பைப் பார்க்க முடியுமா?

முடியாது. ஏன்னா, இப்போ அது இல்லவே இல்லை.

கல்லமேட்டுல கிடைச்ச எலும்புகள் தொட்டாலே உதிரும் நிலையில இருந்தது. இந்த மாதிரி எலும்புகளை எடுக்கும்போது, கை முறிஞ்சா மாவுக்கட்டு போடுற மாதிரி சுத்தி பிளாஸ்டர் போட்டுத்தான் தூக்குவாங்க. அப்படியும் அது தாங்கலை. கொஞ்சம் கொஞ்சமா நொறுங்கி, ஆய்வுக்குனு ஒண்ணுமே மிஞ்சலைன்னு 2017-ல் அய்யாசாமியும் இன்னோர் ஆய்வாளரும் எழுதினாங்க. மிச்சம் இருந்தது அளவுக் குறிப்புகளும் படங்களும்தான். 2022-ல் பழைய போட்டோக்கள் சில வெளியான பிறகுதான், "இது மரக்கட்டையா இருக்கும்"னு சந்தேகப்பட்டவங்க கொஞ்சம் அமைதியானாங்க.

எலும்பு கையில இல்லாததால, எடையை யாராலயும் உறுதியா சொல்ல முடியலை. உலக சாதனைக்குப் பக்கத்தில் நம்ம ஊர் பேர் இன்னும் கேள்விக்குறியோடதான் நிக்குது.

கடல் இருந்த ஊர்

இன்றைய அரியலூர், பெரம்பலூரின் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடல். அந்தக் கடலில் செத்த உயிரினங்களின் ஓடுகள் அடுக்கடுக்காப் படிஞ்சு சுண்ணாம்புக்கல் ஆனது. அரியலூரில் சிமென்ட் ஆலைகள் இவ்வளவு இருக்க காரணமும் அதுதான். புதைபடிவங்களை வெளியே கொண்டுவர்றதும் சுரங்கம்தான்; கவனிக்காம விட்டா அரைச்சுத் தூளாக்குறதும் சுரங்கம்தான்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒண்ணு கிடக்கு. 1940-ல் புவியியல் ஆய்வாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதை வெளி உலகுக்குச் சொன்னார். தேசிய புவியியல் சின்னமா அறிவிச்சு, வேலி போட்டுப் பாதுகாத்ததால இன்னிக்கும் நம்ம கண்ணால பார்க்க முடியுது. கல்லமேட்டுக்கும் சாத்தனூருக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி கல்லோட உறுதி. மீதிப் பாதி, நேரத்துக்குக் கிடைச்ச பாதுகாப்பு.

உங்க கண்ணுல பட்டா?

2020-ல் பெரம்பலூர் குன்னம் பக்கம் முட்டை வடிவக் கற்கள் கிடைச்சு, 'டைனோசர் முட்டை'னு வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது ஞாபகம் இருக்கா? அது அம்மோனைட் என்ற கடல் உயிரியோடு தொடர்புள்ள படிவுகள்னு வல்லுநர்கள் விளக்கினாங்க. முட்டையோ, இல்லையோ, அது எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதில்தான் பாதித் தகவல் இருக்கு. பிடுங்கி எடுத்துட்டா அந்தத் தகவல் போயிடும்.

அதனால, ரீல்ஸ் எடுக்க காரை பக்கம் போறவங்களும், ஏரி தூர்வாரும் இடத்தில் நிக்கிறவங்களும் இதை மட்டும் செய்யுங்க:

* தோண்டாதீங்க, கழுவாதீங்க, வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க.
* பக்கத்தில் ஒரு பேனாவோ நாணயமோ வெச்சு போட்டோ எடுங்க. அளவு புரியும்.
* மேப்பில் லொக்கேஷனை சேவ் பண்ணுங்க. சோஷியல் மீடியாவில் மட்டும் போடாதீங்க. கல் சேகரிக்கிறவங்க முந்திடுவாங்க.
* வி.ஏ.ஓ-கிட்டயோ, வாரணவாசியில் இருக்கிற புதைபடிவ அருங்காட்சியகத்திலோ சொல்லுங்க.

கல்லமேட்டு டைனோசரை இன்னிக்கு நாம பேச முடியுறதே, அன்னைக்கு யாரோ போட்டோ எடுத்து, அளந்து எழுதி வெச்சதாலதான். அன்னைக்கு அதுக்கு ஒரு கேமராவும் டேப்பும் தேவைப்பட்டிருக்கும். இப்போ ரெண்டுமே உங்க பாக்கெட்டில் இருக்கிற போன்லயே இருக்கு.