கடன் வாங்கிய கணக்கும் கடலூர்ச் சாலையும்

“அமெரிக்கக்காரன் போட்ட கணக்கு, அதிலே குற்றம் இருக்குமா?” என்கிறார்கள் சிலர். “அந்நியன் கணக்கு நமக்கு எதற்கு?” என்கிறார்கள் வேறு சிலர். முன்னவர் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறார். பின்னவர் கண்ணைத் திறக்கவே மறுக்கிறார். இருவரையும் நாம் அழைக்கிறோம், திருவந்திபுரத்துக்கு!

கெடிலக் கரையிலே இருக்கும் ஊர். முகூர்த்த நாளென்றால் கல்யாணக் கூட்டத்தின் வண்டிகளால் திணறும் ஊர். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போகும் வட்டாரம். 2011-ல் தானே புயல் புரட்டிப் போட்டது. 2015-ல் வெள்ளம் விழுங்கப் பார்த்தது. சித்திரை வெயிலோ செருப்பில்லாக் காலைப் பொசுக்கும். இந்த மண்ணிலே, இந்த மழையிலே, இந்த வெயிலிலே கிடக்கப் போவதுதான் சிமெண்டுச் சாலை. அதன் கனம் எவ்வளவு என்பதை எங்கோ எழுதிய அட்டவணை மட்டும் சொல்லிவிடுமா?

தோழர்களே, அறிவுக்கு எல்லைக்கோடு இல்லை. டென்மார்க்கிலே பிறந்து அமெரிக்காவிலே பணியாற்றிய வெஸ்டர்கார்டு என்ற அறிஞர், 1926-ல் ஒரு கணக்கைத் தந்தார். சக்கரம் தளத்தின் நடுவிலே நின்றால் எவ்வளவு அழுத்தம், விளிம்பிலே நின்றால் எவ்வளவு, மூலையிலே நின்றால் எவ்வளவு என்று வகுத்துக் காட்டினார். அந்தக் கணக்கு இல்லினாய்சுக்கும் உண்மை, திருவந்திபுரத்துக்கும் உண்மை. அதை வேண்டாம் என்பது பகுத்தறிவல்ல, பிடிவாதம்!

ஆனால் சூத்திரம் வேறு. அதிலே போடுகிற எண் வேறு. 1958 முதல் 1960 வரை, இல்லினாய்சு மாநிலத்து ஒட்டாவா நகரருகே சாலைகள் போட்டு, இரண்டாண்டுகள் லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அரிய சோதனை! அச்சுச் சுமை இரட்டித்தால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு என்பது அங்கே கற்ற பாடம். ஆனால் அங்கே இருந்தது ஒரே வகை மண். பனிக்காலத்திலே உறைந்து, வசந்தத்திலே இளகும் மண். நம் கெடிலக் கரை எந்த மார்கழியிலே உறைந்தது?

அந்தக் கணக்கின் அடிப்படை அச்சு 8.2 டன். நம் நாட்டிலே, நான்கு சக்கரமுள்ள ஒற்றை அச்சுக்கு 2018-ல் அனுமதித்த சுமை 11.5 டன். அதே பாடப்படி பார்த்தால் சேதம் ஏறத்தாழ நான்கு மடங்கு! அளவுக்கு மேல் ஏற்றுகிற லாரியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

வெயிலைப் பாருங்கள். பகலிலே தளத்தின் மேல்முகம் சுடுகிறது. அடிமுகம் அவ்வளவு சுடுவதில்லை. மேலே விரிய, கீழே விரியாமல் நிற்க, தளம் அப்பளம்போல் வளையப் பார்க்கிறது. அதன் எடையோ வளையவிடாமல் அமுக்குகிறது. இந்த இழுபறி நடக்கும்போது பாரவண்டி விளிம்பிலே ஏறினால்? வெடிப்பு! இதைக் குளிர்நாட்டு வெப்ப அளவு கொண்டு கணிப்பது, அடுத்தவன் காய்ச்சலுக்கு எழுதிய மருந்தை நாம் விழுங்குவது போன்றது.

நம் பொறியாளர்கள் தூங்கவில்லை. 1934-ல் தோன்றிய இந்தியச் சாலைப் பேராயம், கான்கிரீட் சாலைக்கென 1974-ல் தனி நெறிமுறை வெளியிட்டது. வெஸ்டர்கார்டு கணக்கையே அடித்தளமாக்கி, நாட்டை வெப்ப மண்டலங்களாகப் பிரித்து, கடலோரத்துக்குத் தனி அளவு குறித்தது. 2002, 2011, 2015 ஆண்டுகளிலே திருத்தியது. லாரிகளை நிறுத்தி நம் அச்சுகளையே எடைபோட்டுக் கணக்கிடச் சொன்னது. கடன் வாங்கிய கணக்கு சொந்தக் கணக்கானது இப்படித்தான்.

ஏட்டிலே ஏறியது ரோட்டிலே இறங்கவேண்டாமா? இயந்திரம் கான்கிரீட் பரப்பும் நாட்டிலே எழுதிய விதியை, பாண்டு சுமக்கும் சித்தாளும் கரண்டி பிடிக்கும் கொத்தனாரும் நம் தெருவிலே நிறைவேற்றுகிறார்கள். கலவை இறுகுகிறது என்று தண்ணீரை அள்ளி ஊற்றினால் வேலை எளிது, தளம் நோஞ்சான்! கடற்காற்றும் வெயிலும் ஈரத்தை உறிஞ்சுமுன் ஈரச் சாக்குப் போர்த்தி, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவேண்டும், குறைந்தது 14 நாட்கள். பதினைந்து நாள் வேலையை மூன்று நாள் கூலிக்குள் முடிக்கச் சொல்பவனைக் கேளாமல், பாடுபட்ட கொத்தனாரைப் பழிப்பது நியாயமல்ல.

வெடித்த தளத்தின்மேல் மறுதளம் போட்டால் என்ன ஆகும்? தெரு உயரும், ஏழையின் வாசல் பள்ளமாகும், ஐப்பசி மழை அடுப்படிக்குள் வரும்! பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போடவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியது இதற்காகத்தான்.

ஆகவே தோழர்களே, கிராம சபையிலே எழுந்து கேளுங்கள். அடிமண்ணைச் சோதித்தீர்களா? கனம் எவ்வளவு? இணைப்பு எத்தனை அடிக்கு ஒன்று? எத்தனை நாள் தண்ணீர் கட்டினீர்கள்? நான்கே கேள்விகள்! இவற்றைக் கேட்கப் பொறியியல் பட்டம் வேண்டாம். சாலைக்குச் செலவாகும் பணம் நம் வியர்வை என்ற நினைப்பு இருந்தால் போதும்.