கல்லடைப்பும் அணு மருத்துவமும்

இரத்தினபுரி மாவட்டத்திலே கல் என்றவுடன் மாணிக்கமும் நீலமுமே பலர் நினைவுக்கு வரும். பலாங்கொடையைச் சூழ்ந்த பெட்டியாகலை, ராசகலை முதலிய தோட்டங்களில் வாழ்வோருட் சிலருக்கு அச்சொல் வேறொன்றையும் நினைவூட்டும். அஃது விலாவின் பின்புறத்தே தொடங்கி அடிவயிறுவரை இழுத்துப் பிடிக்கும் பொறுத்தற்கரிய நோவாகும். அதனை விளைக்கும் சிறுநீரகக் கல் நோயை நம் முன்னோர் கல்லடைப்பு என்றனர். மிகப் பொருத்தமான பெயர் இது. கல்லினும் அடைப்பே சிறுநீரகத்துக்குப் பெருங்கேடு விளைப்பதாகலின்.

வெயிலிலும் ஏற்றத்திலும் நின்று கொழுந்து பறிப்போர் வியர்வையாய் இழக்கும் நீரை உடனுக்குடன் ஈடுசெய்வது எளிதன்று. மலையில் ஒதுங்க இடமின்மையாற் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதும் உண்டு. சிறுநீர் செறிவடையும்போது கல்சியம் ஒட்சலேற்று முதலிய உப்புக்கள் பளிங்குகளாகித் திரண்டு கல்லாகின்றன. 5 மில்லிமீற்றருக்கு உட்பட்டவை பெரும்பாலும் தாமே வெளியேறும். பெரியவை சிறுநீர்க்கானிற் சிக்கி வழியை மறிக்கும்.

நோவு தாங்காது வைத்தியசாலைக்கு ஓடுபவர், அது தணிந்ததும் மீண்டும் அங்கே செல்வதில்லை. ஒருநாட் பயணம் ஒருநாட் சம்பளத்தை இழப்பதாகும் என்னும்போது அவரைக் குறைகூறுதல் தகாது. ஆயின், நோவு தணிவதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். கல் வெளியேறியிருக்கலாம், அன்றேல், அடைபட்ட சிறுநீரகம் சிறுநீர் சுரப்பதைக் குறைத்துவிட, உள்ளழுத்தம் தாழ்ந்திருக்கலாம். பின்னையதே அஞ்சத்தக்கது. முற்றாக அடைபட்ட சிறுநீரகம் ஏறக்குறைய 2 வாரங்களுக்குப் பின் நிலையான இழப்பை அடையத் தொடங்கும். 6 வாரங்கள் கடந்தால் மீட்சி அரிது. குருதிச் சோதனையும் இதனை எப்போதும் வெளிப்படுத்துவதில்லை. மற்றைச் சிறுநீரகம் நலமாயிருப்பின் அது இருவர் வேலையையும் ஒருவராய்ச் செய்வதுபோல் உழைத்துக் கிரியற்றினின் அளவை ஒழுங்கிலேயே வைத்திருக்கும்.

எக்ஸ்கதிர்ப் படமும், மக்கள் ஸ்கான் என வழங்கும் கழியொலிப் படமும், சீ.ரீ. படமும் கல்லைக் காண உதவுவன. கல்லின் இடம், பருமன், சிறுநீரகத்தின் வீக்கம் ஆகியவற்றை இவை காட்டும். ஆயினும், தேயிலைத் தொழிற்சாலையைப் புறத்தே நின்று படம் பிடித்தாற் கட்டடத்தின் அளவே தெரியும். உள்ளே வேலை நடைபெறுகின்றதா என்பது, கொழுந்து உட்செல்வதையும் தூள் வெளிவருவதையும் கணக்கெடுத்தால்தான் விளங்கும். சிறுநீரகத்தில் அத்தகைய கணக்கெடுப்பைச் செய்வதே அணு மருத்துவப் படம். அது கல்லைக் காட்டுவதற்கென எடுக்கப்படுவதன்று.

தெக்கினீசியம் 99எம் என்னும் கதிர்த்தொழிற்பாடுடைய பொருளை டி.ரி.பி.ஏ. என்னுஞ் சேர்வையுடன் பிணைத்துச் சிறிதளவு நாளத்தில் ஏற்றுவர். குருதியிலிருந்து சிறுநீரகம் அதனை வடித்தெடுத்துச் சிறுநீரோடு போக்கும். நோயாளியின் முதுகுப் புறத்தே அமைந்த காமாக் கமெரா, வெளிப்படும் காமாக்கதிர்களை ஏறத்தாழ அரைமணிநேரம் எண்ணிக்கொண்டிருக்கும். அவ்வெண்ணிக்கை இரு வளைகோடுகளாக வரையப்படும். நலமான சிறுநீரகத்தின் கோடு விரைந்தெழுந்து சில நிமிடங்களில் உச்சியை அடைந்து இறங்கும். அடைபட்டதன் கோடு ஏறியபின் இறங்க மறுக்கும். முற்றும் பழுதுற்றதோ எழுவதேயில்லை.

ஈண்டு ஓர் ஐயம் எழும். முன்னர் அடைபட்டு விரிந்த சிறுநீரகம், கல் நீங்கிய பின்னரும் தளர்ந்த பைபோலச் சிறுநீரைத் தேக்கி வைத்திருக்கலாம். அதனை மெய்யான அடைப்பினின்று வேறுபடுத்தப் புரூசமைட் என்னும் சிறுநீர்ப்பெருக்கி மருந்தை ஏற்றுவர். பெருகிவரும் நீரால் 10 நிமிடங்களுக்குள் தேங்கியதிற் பாதி கழுவுண்டு போமாயின் அடைப்பில்லை எனலாம். 20 நிமிடங்கள் கடந்தும் போகாவிடின் அடைப்பு உண்டெனக் கருதுவர். இடைப்பட்டவை ஐயத்துக்குரியன.

மொத்த வேலையில் ஒவ்வொரு சிறுநீரகத்தின் பங்கும் இச்சோதனையால் நூற்றுவீதத்தில் கிடைக்கும். சத்திரசிகிச்சை வைத்தியர் பெரிதும் வேண்டுவது இவ்வெண்ணையே. அடைபட்ட சிறுநீரகம் 35 வீதம் உழைக்கின்றதெனில், கல்லை விரைந்து அகற்றி அதனைக் காக்க முயல்வர். பங்கு 10 வீதத்திற்கும் குறைந்து, அடிக்கடி நோவும் கிருமித்தொற்றும் தருமாயின் அதனை அகற்றுதல்பற்றி எண்ணுவர். கடும் அடைப்பு நீடிக்கையில் எடுத்த எண் உண்மையிற் குறைவாயிருத்தல் கூடுமாதலின், முதலிற் குழாய் வைத்துச் சிறுநீரை வடியவிட்டுச் சில வாரங்களின் பின் அளப்பதும் உண்டு. தொற்றினால் விளைந்த தழும்புகளைக் காண டி.எம்.எஸ்.ஏ. என்னும் வேறொரு சேர்வை பயன்படும்.

தெக்கினீசியம் 1937ஆம் ஆண்டிற் பெரியர், செக்ரே என்போரால் இனங்காணப்பட்ட மூலகம். மனிதர் செயற்கையாய் ஆக்கிய முதன் மூலகமும் அதுவே. மருத்துவத்திற் பயன்படும் அதன் வடிவத்துக்கு அரை ஆயுட்காலம் 6 மணித்தியாலம்; அதன் தாயாகிய மொலிப்தனம் 99க்கு 66 மணித்தியாலம். ஆதலின் இதனை மருந்துக் குப்பிபோல் வாங்கி அலுமாரியில் அடுக்கி வைத்தல் இயலாது. அணு உலையில்லாத இலங்கை, தாய்ப்பொருளைக் கொண்ட கலங்களைப் பிறநாடுகளிலிருந்து பெறுகின்றது. பலாங்கொடை வைத்தியசாலையில் இச்சோதனை நடைபெறாமைக்கும், நோயாளர் பேராதனைப் பல்கலைக்கழக அணு மருத்துவப் பிரிவு போன்ற நிலையங்களை நாடிச் செல்வதற்கும் காரணம் இதுவே.

அணு என்னுஞ் சொல்லைக் கேட்டு ஹிரோசிமாவை நினைந்து அஞ்சுவோரும் உளர். 24 மணித்தியாலத்தில் இப்பொருளின் கதிர்த்தொழிற்பாடு பதினாறில் ஒரு பங்காகிவிடும்; சிறுநீரோடு வெளியேறுவது வேறு. உடல் பெறும் கதிர்வீச்சு, வயிற்றுக்கு எடுக்கும் வழக்கமான சீ.ரீ. படத்தினும் பொதுவாகக் குறைவானது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் அதனை முன்னரே கூறல் வேண்டும். சோதனைக்குச் செல்பவர் பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. போதிய நீர் அருந்திச் செல்லல் வேண்டும். உடலில் நீர் குறைந்திருப்பின் நலமான சிறுநீரகத்தின் கோடும் மெல்ல இறங்கி, இல்லாத அடைப்பை உள்ளதுபோற் காட்டிவிடும். விடியுமுன்னே பேருந்தேறி, வழியில் இறங்க நேருமென்று அஞ்சி ஒரு மிடறும் அருந்தாது வருபவர்க்கு இவ்விடர் நேர்தல் கூடும். அத்தகையோர் நிலையத்தை அடைந்ததும் அதனை உரைப்பின், நீர் அருந்தச் செய்து, சற்றுப் பொறுத்துச் சோதனையைத் தொடங்குவர்.