எப்போதும், எப்போதாவது

வீதியைக் கடப்பதற்காகப் பொத்தானை அழுத்திவிட்டுப் பிள்ளைகளோடு காத்து நிற்கிறோம். அந்தச் சமிக்ஞை விளக்கிடம் நாம் எதிர்பார்ப்பவை இரண்டு. எங்களுக்கும் குறுக்கே வரும் வாகனங்களுக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழாமல் எப்போதும் இருக்கவேண்டும். காத்து நிற்கும் எங்களுக்கு எப்போதாவது பச்சை விழவேண்டும்.

'எப்போதும்', 'எப்போதாவது' என்ற இவ்விரு சொற்களையும் கணக்குப்போல் கையாளும் துறைக்குக் காலத் தருக்கம் என்று பெயர். 1950களில் நியூசிலாந்து மெய்யியலாளர் ஆதர் பிறையர் இதற்கு வித்திட்டார். 1977இல் இஸ்ரேலிய அறிஞர் அமீர் ப்னுவேலி இதைக் கணனி நிரல்களுக்குப் பயன்படுத்திக் காட்டினார். 1996இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

இது ஏன் வேண்டும்? 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிரைச் செலுத்தியது. சிலர் இறந்தனர். இயக்குபவர் தட்டச்சுப் பிழையை மிக விரைவாகத் திருத்தினால், நிரல் அத்திருத்தத்தைக் கவனிக்கத் தவறியது அதன் குறைகளில் ஒன்று. அதற்கு முன் எத்தனையோ பேருக்கு அதே இயந்திரம் சரியாகவே இயங்கியிருந்தது. பலமுறை சரியாக இருந்தது என்பது 'எப்போதும்' சரி என்பதற்குச் சாட்சியாகாது.

ஆகவே நிறுவிக் காட்டவேண்டும். ஒல்லாந்து நாட்டின் டெய்க்ஸ்ட்ராவும் அவருடைய சகாக்களும் பரப்பிய முறை எளிது: ஒரு வரி எழுது; காரணம் எழுது; அடுத்த வரிக்குப் போ. 'எப்போதும் சரி' என்றால் 'எப்போதாவது பிழை' என்பது பொய் என்று வரையறுத்துக்கொள்வோம். இனிக் கணக்கு:

'எப்போதும் சரி' என்பது பொய்
= (காரணம்: மேலே சொன்ன வரைவிலக்கணம்)
'எப்போதாவது பிழை என்பது பொய்' என்பது பொய்
= (காரணம்: இரண்டு மறுப்பு ஒன்றையொன்று நீக்கும்)
எப்போதாவது பிழை

'எப்போதும்' என்ற வாக்குறுதியை உடைக்க ஒரேயொரு கணம் போதும். அந்தக் கணம் வரவே மாட்டாது என்று இப்படி வரி வரியாகக் காட்டுவதுதான் இம்முறையின் வேலை.

"இந்த நாட்டுப் பாசை தெரியாத நாங்கள் பிள்ளையின் கணக்குக்கு எப்படி உதவுவது?" என்று பல பெற்றோர் கவலைப்படுகிறோம். மேலேயுள்ள நிறுவல் முழுவதும் தமிழில்தான் நடந்தது. பிள்ளை விடையோடு வந்தால், ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்போம். அதற்குத் தமிழ் போதும்.