கும்பிடு இறாலுக்குச் சிறிய கடல்நீர்த் தொட்டி அமைத்தல்

இழுவை வலையை உதறும்போது இறாலோடு இறாலாக விழுகின்ற ஒரு பிராணியைக் கடற்றொழிலாளர் நன்கறிவர். முன்னுறுப்புக்கள் இரண்டையும் கும்பிடுபூச்சியைப் போல மடித்து வைத்திருப்பதால் அதனை இங்கே கும்பிடு இறால் என வழங்குவோம். உண்மையில் அது இறாலன்று. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவான வேறொரு வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசையில் 400 இற்கு மேற்பட்ட இனங்கள் உள. பாடசாலை விஞ்ஞான அறையிலோ வீட்டிலோ இதனை வளர்க்க விரும்புவோர் பலர் பிராணியை முதலிற் பெற்றுப் பின்னரே தொட்டியைத் தேடுகின்றனர். ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. தொட்டி நீர் பக்குவமடைய 4 முதல் 6 கிழமை வரை செல்லும். அதற்கு முன் விடப்படும் பிராணி பிழைத்தல் அரிது.

இப்பிராணிகளுள் குத்திப் பிடிப்பவை, அடித்துடைப்பவை என இருவகை உண்டு. வலையிற் படுபவை பெரும்பாலும் முதலாம் வகையின. அவை சேற்றிலும் மணலிலும் ஆழமாக வளை தோண்டி வாழ்பவை. அன்றியும் வலையில் நசுங்கி வருபவை. சிறு தொட்டிக்கு அவை உகந்தனவல்ல. அடித்துடைப்பவை முருகைக்கற் பார்களின் துவாரங்களிலே வாழ்கின்றன. இவற்றுள் 5 முதல் 8 சென்ரிமீற்றர் வரை வளரும் சிற்றினமொன்றுக்கு 40 முதல் 60 லீற்றர் கொள்ளும் தொட்டி போதுமானது. மயில்நிறங் கொண்ட பேரினமோ 18 சென்ரிமீற்றர் வரை வளரும். அதன் அடியின் வேகம் விநாடிக்கு 23 மீற்றர் வரை எட்டுவதை 2004 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அளந்து வெளியிட்டனர். நத்தையோட்டைத் தகர்க்கும் அவ்வடி மெல்லிய கண்ணாடியையும் வெடிக்கச் செய்யக்கூடும். ஆதலின் பேரினத்தைச் சிறு தொட்டியில் இடுதல் தகாது.

தொட்டியை நேர்வெயில் படாத இடத்தில், அசையாத மேசைமீது வைத்தல் வேண்டும். கற்களைத் தொட்டியின் அடித்தளத்திலேயே நிலையாக அடுக்கி, அதன் பின்னரே மணலைப் பரப்புக. மணல்மீது கல்லை வைத்தால் பிராணி அடியிலே தோண்ட, கல் சரிந்து அதனையே நசுக்கிவிடும். கடலிலே முருகைக்கல்லை உடைத்தெடுத்தல் சட்டத்துக்கு மாறானது, அது வேண்டியதுமன்று. யாழ்ப்பாணத்து உள்நிலச் சுண்ணக்கல், சிப்பியோடு, பிளாத்திக்குக் குழாய்த் துண்டு ஆகியவை போதும். குழாயின் உள்வாய் பிராணி உள்ளே திரும்பத்தக்க அகலமுடையதாயிருத்தல் வேண்டும்.

கடல்நீரை ஆற்றுமுகத்துக்கு அப்பால், திறந்த கடலில் எடுத்தல் நன்று. கடனீரேரியின் உப்புத்தன்மை மாரியிற் குறைந்தும் கோடையில் மிகுந்தும் மாறுவதால் அந்நீர் நம்பத்தக்கதன்று. கறியுப்பைக் கரைத்துக் கடல்நீராக்கலாம் எனச் சிலர் எண்ணுவர். கறியுப்பு ஏறத்தாழ முழுவதும் சோடியங் குளோரைட்டே. கடல்நீரிலுள்ள மகனீசியமும் பொற்றாசியமும் உப்பளத்துக் கழிநீரோடு பெரிதும் நீங்கிவிடுகின்றன. கடற்கரைக்குத் தூரமானோர் மீன்வளர்ப்போருக்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையை வாங்குக. ஒரு லீற்றர் நீரில் 33 முதல் 35 கிராம் வரை உப்பிருத்தல் வேண்டும்.

கமக்காரர் வீடுகளில் ஓர் எச்சரிக்கை மிக அவசியம். முந்திரிகைக்கும் உருளைக்கிழங்குக்கும் மயில்துத்தக் கலவை கரைத்த வாளியையோ பூச்சிநாசினி பட்ட கலத்தையோ எவ்வளவு கழுவினாலும் இத்தொட்டிக்குப் பயன்படுத்தற்க. மிகச் சிறிதளவு செம்பும் இப்பிராணிக்கு நஞ்சாகும்.

நீர் பக்குவமடைதல் என்பது யாது? எருவிலுள்ள அமோனியாவை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றுவதைக் கமக்காரர் அறிவர். தொட்டியிலும் இதுவே நிகழ்தல் வேண்டும். காற்றுப்பம்பியினால் இயங்கும் பஞ்சு வடியைப் பொருத்தி, சிறு இறாற் சதைத்துண்டொன்றை நீரில் இட்டு வைத்தால் அமோனியா தோன்றும். அதனை உண்ணும் பற்றீரியாக்கள் பஞ்சிலும் கல்லிலும் மெல்லப் பெருகும். முதலில் அமோனியாவும் பின்னர் நைத்திரைற்றும் ஏறி இறங்குவதைச் சோதனைப் பொட்டலத்தைக் கொண்டு பார்க்கலாம். இரண்டும் சுழியமான பின்னரே பிராணியை விடல் வேண்டும். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரென்று கொள்ளற்க, அமோனியாவுக்கு நிறமில்லை.

ஆவியாகிச் செல்வது நீரேயன்றி உப்பன்று. எனவே நீர்மட்டத்துக்குக் கண்ணாடியிற் கோடிட்டு, குறைந்த அளவை நன்னீரால் நிரப்புக. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தினால் நைத்திரேற்று மிகுந்துள்ளதால் மழைநீர் மேலானது. முதல் மழை கூரையைக் கழுவிய பின் அதனைச் சேகரித்தல் வேண்டும். கிழமைக்கொரு முறை பத்திலொரு பங்கு நீரை மாற்றிப் புதிய கடல்நீர் இடுக.

சிறு நண்டு, நத்தை, இறாற்றுண்டு ஆகியவற்றை இரண்டு அல்லது மூன்று நாளுக்கொருமுறை இடுக்கியினாற் கொடுக்கலாம். கையைத் தொட்டியில் விடுதல் ஆபத்து, விரல் பிளந்துவிடும். எஞ்சிய இரையை அன்றே அகற்றுக. உடன் வாழ மீனை விடுவது மீனுக்கு வீண் மரணமாம்.

சிலமாதங்களுக்கொரு முறை இப்பிராணி தோலுரிக்கும். அப்போது இரையை வெறுத்து, வளைவாயைக் கல்லினால் அடைத்துக்கொண்டு பல நாள் வெளிவராது. இறந்துவிட்டதென எண்ணிக் கல்லைப் புரட்டுவோர் உண்மையாகவே அதனைக் கொன்றுவிடுவர். ஏனெனில் புதிய தோடு இறுகும்வரை அது அடிக்கவோ தன்னைக் காக்கவோ இயலாத நிலையிலிருக்கும். வெளியே கிடக்கும் வெறுங்கூட்டைப் பிணமென்று மயங்குவோரும் உளர். கூடு உள்ளீடற்றது, ஒளி ஊடுருவுவது. நீர் நாறாமலும் அமோனியா ஏறாமலும் இருக்கும்வரை வளையைத் தொடாது விடுக. வாயிற்கல் உள்ளிருந்தே தள்ளப்பட்டபின் முதலிற் சிறிய, மென்மையான இறாற்றுண்டைக் கொடுத்து, சில நாள் கழித்தே நத்தை இடுதல் நலம்.