விடிய விடிய வள்ளி திருமணம்

முருகப்பெருமானின் ஆறுபடை வீடுகளுள் முதலாவதாகிய திருப்பரங்குன்றமும், ஆறாவதாகிய பழமுதிர்ச்சோலையும் மதுரை மாநகரின் இருமருங்கும் அமைந்துள்ளன. பரங்குன்றில் தெய்வயானை அம்மையை மணம் புரிந்தருளிய பெருமான், அழகர்மலைச் சோலையில் வள்ளி, தெய்வயானை என்னும் இரு தேவியரோடும் காட்சி தருகின்றான். பகற்பொழுதில் இத்தலங்களுக்கு வந்து வழிபட்டுச் செல்லும் அன்பர்கள் பலர். ஆயினும் பெருமானின் திருமணத்தை ஓர் இரவு முழுவதும் கண் விழித்துக் கண்டு மகிழும் வாய்ப்பு, இத்தலங்களைச் சூழ்ந்த சிற்றூர்களில்தான் கிடைக்கின்றது. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள மாரியம்மன், காளியம்மன், ஐயனார் கோயில்களில் பங்குனி தொடங்கி ஆடி வரையில் திருவிழாக் காலம். காப்புக் கட்டி, முளைப்பாரி எடுத்து, பொங்கல் வைத்து, அவற்றின் நிறைவாக இரவில் நடைபெறுவது ‘வள்ளி திருமணம்’ என்னும் இசை நாடகம்.

இந்நாடகத்தின் கதையை அறியாதவர் அவ்வூர்களில் எவரும் இலர். தினைப்புனம் காக்கும் வள்ளியை நாரதர் கண்டு பெருமானிடம் உரைப்பதும், அவன் வேடனாகி வந்து மானைத் தேடுவதாகச் சொல்வதும், நம்பிராசன் வரக் கண்டு வேங்கை மரமாகி நிற்பதும், பின் விருத்தனாகி வந்து தேனும் தினைமாவும் உண்டு விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்பதும், விநாயகப்பெருமான் யானையாகி வந்து வள்ளியை அச்சுறுத்த அவள் கிழவனைத் தழுவிக் கொள்வதும் சிறு குழந்தைக்கும் தெரியும். சென்ற ஆண்டும் அதே கதை. அதற்கு முந்தைய ஆண்டும் அதே கதை. அவ்வாறிருந்தும் பாயும் தலையணையும் கொண்டு வந்து, கோயில் முன்றிலில் இடம் பிடித்து, இரவு பத்து மணி முதல் வைகறை வரையில் மக்கள் அமர்ந்திருக்கின்றனர். முடிவு தெரிந்த கதைக்கு இத்துணை விருப்பம் ஏன்?

இவ்வினாவிற்கு விடை காண, முதலில் இக்கதையின் பழமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முருகனோடு கூடிய வள்ளி சங்க நூலாகிய நற்றிணையிலேயே உவமையாக வருகின்றாள். பரிபாடலின் ஒன்பதாம் பாடல் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. குன்றம்பூதனார் செவ்வேளைப் பாடிய அப்பாடலில், பரங்குன்றின்மேல் வள்ளியின் பக்கத்தாரும் தேவசேனையின் பக்கத்தாரும் தம்முள் மாறுபட்டுப் பூசலிடுகின்றனர். களவு மணமே தமிழ் காட்டும் நெறி என்பது அப்பாட்டின் உட்பொருள். ஆகவே வள்ளி திருமணத்தில் வாதம் என்பது நாடகக்காரர் புதிதாகப் புகுத்தியதன்று. மதுரை மண்ணில் அது சங்க காலம் தொட்டே வேரூன்றியது. கச்சியப்ப சிவாசாரியார் தம் கந்தபுராணத்தை நிறைவு செய்ததும் வள்ளியம்மை திருமணத்தோடுதான்.

இக்கதையை இன்று நாம் காணும் மேடை வடிவில் அமைத்துத் தந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிக்கு அண்மையில் உள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867 ஆம் ஆண்டு பிறந்த சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணி புரிந்தவர். அப்பணியை உதறிவிட்டு இருபத்து நான்காம் வயதில் நாடகத் துறை புகுந்தார். எமன், சனீசுவரன் போன்ற வேடங்களில் காண்போர் நடுங்கும்படி நடிப்பார் என்பர். சனீசுவரன் வேடத்தோடு அவரைக் கண்டு அஞ்சிய கருவுற்ற பெண்ணொருத்திக்குத் தீங்கு நேர்ந்ததாகவும், அன்றோடு அவர் வேடம் புனைவதை விட்டு ஆசிரியராகவே அமைந்ததாகவும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது.

அக்காலத்தில் பார்சி நாடகக் குழுவினர் தீட்டிய திரைச்சீலைகளோடும் ஆர்மோனியத்தோடும் நாடெங்கும் சுற்றி வந்தனர். மேலை நாட்டில் ‘ஆபரா’ என்னும் இசை நாடகம் செல்வாக்குப் பெற்றிருந்தது. சுவாமிகள் புதிய மேடை அமைப்பை ஏற்றுக்கொண்டார். அதில் வெண்பாவையும் விருத்தத்தையும் கீர்த்தனையையும் சிந்தையும் ஏற்றினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், பிரகலாதன், சதி சுலோசனா, லவகுசா என அவர் இயற்றியவை பல. 1918 இல் மதுரையில் அவர் தோற்றுவித்த சிறுவர் குழுவின் பெயர் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’. மீனலோசனி என்பது அங்கயற்கண்ணி அம்மையின் திருநாமமே. முதிர்ந்த நடிகர்கள் பாடத்தை மீறித் தம் மனம் போனபடி நடித்தமையால், சொன்னதைக் கேட்கும் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்த முற்பட்டார் என்பர். அச்சபையில் ஆறு வயதில் சேர்ந்தவரே பிற்காலத்தில் ஔவை சண்முகம் எனப் புகழ்பெற்ற டி.கே. சண்முகம். தமக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை அவர் வியந்து பதிவு செய்துள்ளார். 1922 இல் சுவாமிகள் புதுச்சேரியில் இறைவனடி சேர்ந்தார். மதுரைத் தமுக்கத்தில் அவருக்குச் சிலை உண்டு. அவ்வழியே செல்வோருள் எத்துணைப் பேர் நின்று நோக்குகின்றனர் என்பது வேறு செய்தி.

இனி, நாடகம் நடைபெறும் முறையைக் காண்போம். இதனை ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பர். இதற்கெனத் தனிக் குழு இல்லை; ஒத்திகையும் இல்லை. ஊர்ப் பெரியோர் மதுரையில் நாடக நடிகர் சங்கம் உள்ள சுண்ணாம்புக்காரத் தெருப் பக்கம் வந்து, முருகனுக்கு ஒருவர், வள்ளிக்கு ஒருவர், நாரதருக்கு ஒருவர், பபூனுக்கு ஒருவர் எனத் தனித்தனியே பேசி முன்பணம் கொடுத்துச் செல்வர். ஒருவர் மதுரையிலிருந்தும், மற்றொருவர் திண்டுக்கல்லிலிருந்தும், வேறொருவர் புதுக்கோட்டையிலிருந்தும் வந்து சேர்வர். பல வேளைகளில் வள்ளியும் முருகனும் அன்று மாலை ஒப்பனைக் கொட்டகையில்தான் சந்திப்பர். அனைவர் நெஞ்சிலும் சுவாமிகளின் பாடம் இருப்பதால் நாடகம் தடையின்றி நடைபெறுகின்றது.

மேடையின் ஒரு பக்கத்தில் கால்பெட்டி ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் ஆகியவற்றோடு ‘ஆல்ரவுண்ட்’ என்னும் பல்வகை ஒலிக் கருவிக்காரரும் அமர்ந்திருப்பர். முதலில் பபூன் தோன்றிச் சிரிக்க வைப்பார். அடுத்து நகைச்சுவை நடனம். குழந்தைகள் பெரும்பாலும் இதனோடு உறங்கிவிடுவர். நள்ளிரவிற்குப் பின்னரே நாடகத்தின் உயிர்ப்பகுதி தொடங்குகின்றது. நாரதர் தினைப்புனத்திற்கு வந்து வள்ளியோடு தர்க்கம் செய்யும் கட்டம் அது. ‘யாரை மணக்கப் போகின்றாய்?’ என்னும் எளிய வினாவில் தொடங்கி, இல்லறமா துறவறமா, ஆண் பெரிதா பெண் பெரிதா, விதியா மதியா எனத் தர்க்கம் விரியும். இப்பகுதியில் எழுதிய பாடம் சிறிதளவே. எஞ்சியவை அவரவர் கல்வியும் நாவன்மையும் தருவன. நாரதர் திருக்குறளை எடுத்தால் வள்ளி திருமந்திரத்தை எடுப்பாள். அவர் ஓர் இராகத்தில் வினவினால் அவள் அதே இராகத்தில் விடை கூறுதல் வேண்டும். விடை தெரியாமல் தடுமாறினால் முன்வரிசைக் கிழவர்கள் சும்மா இரார்.

மக்கள் ஆண்டுதோறும் காத்திருப்பது இதற்காகத்தான். கதை முன்னரே தெரிந்திருப்பதால் ‘அடுத்து என்ன’ என்னும் பதற்றம் இல்லை. ‘இதனை இவர் எவ்வாறு சொல்லப் போகின்றார்?’ என்பதிலேயே கருத்து முழுவதும் நிற்கின்றது. சென்ற ஆண்டு வந்த வள்ளியையும் இவ்வாண்டு வந்த வள்ளியையும் ஒப்பிட்டுப் பேச, மறுநாள் வயலில் களை எடுக்கும் பெண்களுக்கும் உரிமை உண்டு. பள்ளிக்கூட வாயிலை மிதியாத முதியோர் பலர் சிவபுராணத்தையும் கந்தபுராணத்தையும் கேட்டறிந்தது இம்மேடையில்தான். தம் வீட்டில் திருமணம் கைகூட வேண்டி வள்ளி திருமணம் நடத்துவதாக நேர்ந்துகொள்வோரும் உண்டு.

வள்ளி திருமணத்திற்கு அடுத்து மக்கள் உள்ளத்தை உருக்குவது அரிச்சந்திரா நாடகத்தின் மயான காண்டம். பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சுமந்து சந்திரமதி நள்ளிரவில் சுடலைக்கு வருகின்றாள். காவல் புரிபவன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கின்றான். கணவன் ஒருவன் கண்ணுக்கே புலப்படும் தன் தாலியை அவன் சுட்டிக் காட்டவும் அவள் திகைக்கின்றாள். காவலன் தன் கணவன், கிடப்பது தம் மகன் என்று அறிந்த பின்னரும் அவன் கூலியை விட்டுக்கொடுப்பதில்லை. அஃது எசமானனுக்கு உரிய பொருள். இக்காட்சியில் அழாத தாய்மார் இல்லை. இளமையில் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டு மனம் நெகிழ்ந்து, எல்லாரும் அரிச்சந்திரனைப் போல் ஏன் உண்மையாளராதல் கூடாது என்று ஏங்கியதாகக் காந்தியடிகள் தம் வரலாற்றில் எழுதியிருக்கின்றார். அவர் கண்டது குசராத்தில். ஆயினும் கதை ஒன்றே.

முருகனும் வள்ளியுமாக மேடையேறிய இருவரைத் தமிழுலகம் இன்றும் மறக்கவில்லை. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் 1926 இல் இலங்கையில் இணைந்து நடித்தனர். பின்னர் வாழ்விலும் இணைந்தனர். கிட்டப்பா 1933 இல் இளமையிலேயே மறைந்தார். அம்மையார் அதன்பின் வெண்ணிற ஆடையே உடுத்து, முருகன் பாடல்களைப் பாடி வாழ்ந்தார். 1953 இல் வெளிவந்த திரைப்படத்தில் அவரையே ஔவையாராகக் கண்டு வணங்கினர் மக்கள்.

இவர்களினும் மதுரை வட்டாரத்திற்கு நெருங்கியவர் விஸ்வநாததாஸ். 1886 இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முருகன் வேடத்தில் புகழ் பெற்ற அவர், தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சியை விடுதலை வேள்விக்குப் பயன்படுத்திக் கொண்டார். கதிரைக் கவர வரும் வெண்ணிறக் கொக்கை விரட்டுமாறு முருகன் பாடுவான். அக்கொக்கு எந்த நாட்டிலிருந்து பறந்து வந்தது என்பது கேட்போர் அனைவர்க்கும் விளங்கும். விடுதலைப் பாடல்கள் இயற்றி அவருக்கு வழங்கியவர்களுள் மதுரகவி பாஸ்கரதாஸ் தலையாயவர். மேடையில் பாடியதற்காக விஸ்வநாததாஸ் பலமுறை சிறை சென்றார். சிறைக்கு அஞ்சாத அவருக்கு மற்றொரு துன்பமும் இருந்தது. மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதைக் காட்டி, அவரோடு உடன் நடிக்க மறுத்தவர்களும் உண்டு. கையில் வேல் ஏந்தி மயில்மேல் அமர்ந்தவரை முருகனென்று கைகூப்பும் உலகம், ஒப்பனை கலைந்தவுடன் குலம் கேட்டது. 1940 டிசம்பர் 31 அன்று இரவு, சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த இடத்தில் அரசு நினைவில்லம் அமைந்துள்ளது. பரங்குன்றம் வரும் அன்பர்கள் சிறிது தொலைவு சென்று கண்டு வரலாம்.

அன்று கேட்ட குலக்கேள்வி இன்று வேறு வடிவில் தொடர்கின்றது. இரவெல்லாம் வள்ளியாக வணங்கப்பட்ட பெண்மணி நாடகக்காரி என்பதற்காக வாடகைக்கு வீடு தரத் தயங்குவோர் நகரில் இருக்கின்றனர். தம் மகளுக்கு வரன் தேடும்போது தொழிலை மறைக்க வேண்டியுள்ளது என்று வருந்தும் கலைஞர்களும் உண்டு. மழைக்காலத்தில் மேடை இல்லை. திருவிழா மாதங்களின் வருவாயே ஆண்டு முழுமைக்கும் உணவு. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் கொரோனா நோய்த்தொற்று வந்து அடைத்தது அந்த மாதங்களைத்தான்.

மற்றொரு குறையும் உண்டு. பபூன் காட்சியில் இரட்டைப் பொருள்படப் பேசுதலும், திரைப்படப் பாட்டைப் புகுத்துதலும் மிகுந்துவிட்டன எனப் பெரியோர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் பழி முழுவதையும் நடிகர்மேல் போடுதல் முறையாகாது. தர்க்கம் நீளும்போது ‘பாட்டைப் போடு’ என்று கூச்சலிடுவோர் யார்? நாடகத்திற்கு ஒதுக்கிய தொகையை ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு மாற்றும் விழாக் குழுவினர் யார்? கற்றறிந்து கேட்போர் முன்வரிசையில் இருந்தால் நாரதரும் நூல்களைப் புரட்டிவிட்டே மேடை ஏறுவார். இன்றும் பல ஊர்களில் முதியவர் ஒருவர் எழுந்து, தம் மடியிலிருந்து ஐம்பதோ நூறோ எடுத்து, நல்ல விடை சொன்ன வள்ளிக்கு அன்பளிப்பாக வழங்குவதைக் காணலாம். பெற்ற தொகையையும் தந்தவர் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லி நன்றி கூறிய பின்னரே அடுத்த பாடல் தொடங்கும்.

கீழ்வானம் வெளுக்கும் நேரத்தில் விநாயகர் யானையாக வருவார். கிழவன் மறைந்து வேலவன் தோன்றுவான். உறங்கிய குழந்தைகளைத் தாய்மார் தட்டி எழுப்புவர்; திருமணக் காட்சியைக் காணாது தூங்கக் கூடாதாம். மாலை மாற்றி மங்களம் பாடியவுடன் பாய்கள் சுருட்டப்படும். சற்று நேரத்தில், தேங்காய் எண்ணெய் தேய்த்து முகச்சாயத்தைத் துடைத்துவிட்டு, முருகனும் வள்ளியும் நாரதரும் ஆளுக்கொரு பெட்டியோடு முதல் பேருந்திற்காகச் சாலையோரம் நிற்பர். அன்று இரவு முருகனுக்கு ஓர் ஊர். வள்ளிக்கு வேறோர் ஊர்.